புறம்போக்கு ஏசி

சித்திரை பிறந்தால் நம் பத்திரிகைகளில் ஒரு தலைப்பு தயாராகக் காத்திருக்கும்: ‘வெயில் சதமடித்தது.’ நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் சதம். வேலூர் அடிக்கும், கரூர் அடிக்கும், மதுரையும் திருச்சியும் அடிக்கும். பிறகு நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும் ஜோடியாகக் களமிறங்கும். நாமும் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, சொந்தப் பிள்ளை மட்டையைத் தூக்கிக் காட்டிய மாதிரி, “இன்னைக்குப் பத்து ஊர்ல சதமாம்” என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வருகிறோம்.

பந்து போட்டது யார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. ஃபீல்டிங்கில் நின்றவர்களை எல்லாம் மைதானத்தைவிட்டு விரட்டி, அவர்கள் நின்ற இடத்தில் அடுக்குமாடி கட்டி விற்றுவிட்டு, எந்தப் பக்கம் அடித்தாலும் நாலு ரன் என்று வெயிலுக்கு வழிவிட்டது யார்?

விரட்டப்பட்டவர்களின் பெயர்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன. ஓட்டேரி. வேப்பேரி. குளத்தின் பெயரில் ஒரு நீதிமன்ற வளாகம், அல்லிக்குளம். எழும்பூர்ப் பக்கம் ஸ்பர்டேங்க் ரோடு. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. சென்னையின் தெருப் பெயர்ப் பலகைகளை வரிசையாகப் படித்தால் கருமாதிப் பத்திரிகை படிப்பது போலிருக்கும்.

ஒரு கத்திரி வெயில் மத்தியானம் தி.நகரில் ஆட்டோ பிடித்து லேக் வியூ ரோடு போகச் சொன்னேன். போகிற வழியில், பேச்சுக்காக, “லேக் எங்கண்ணே இருக்கு?” என்று கேட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அதும்மேலதான் சார் போய்க்கினு கீறோம்.”

நகரமைப்பு வல்லுநர்கள் நாலு நாள் கருத்தரங்கு நடத்திச் சொல்வதை, மீட்டருக்கு மேல் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அந்த ஏரி அங்கே சும்மா கிடக்கவில்லை. வீட்டு மண்பானையைப் பாருங்கள். மேலே முத்துமுத்தாக வியர்த்திருக்கும். அந்த வியர்வை ஆவியாகிப் போகும்போது தனியாகப் போவதில்லை. பானையின் சூட்டையும் தூக்கிக்கொண்டு போகிறது. ஏரி, ஊருக்கு வைத்த மண்பானை.

கணக்கும் போட்டுவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாவதற்குச் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். மின்வாரியத்தின் பாஷையில் ஏறத்தாழ 0.67 யூனிட். கோடையில் நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கருக்கு அது 20,000 லிட்டர். அதாவது ஒரு ஏக்கர் ஏரி ஒரே நாளில் 13,000 யூனிட்டுக்கு மேல் வெப்பத்தை விழுங்குகிறது. ஒரு டன் ஏசி இராப்பகலாக 24 மணி நேரம் ஓடி ஓர் அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம் 84 யூனிட். வகுத்துப் பாருங்கள்: ஒரு ஏக்கருக்கு 160 ஏசி. நூறு ஏக்கர் ஏரி என்றால் 16,000 ஏசி.

இந்த ஏசிக்கு ஸ்டெபிலைசர் வேண்டாம். கேஸ் நிரப்ப வேண்டாம். மின்வெட்டு நாளிலும் ஓடும். ராத்திரி தண்ணீரில் எத்தனை நட்சத்திரம் தெரிகிறதோ அத்தனை ஸ்டார் ரேட்டிங். முக்கியமாக, வீட்டு ஏசிக்கு இருக்கும் ஒரு கெட்ட புத்தி இதற்கு இல்லை. வீட்டு ஏசி சூட்டை அழிப்பதில்லை. அறையிலிருந்து அள்ளித் தெருவில் கொட்டுகிறது, தான் தின்ற மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து. உள்ளே படுத்திருப்பவருக்கு ஊட்டி. வெளியே நடைபாதையில் உட்கார்ந்து பூக் கட்டும் அம்மாவுக்கு அடுப்பு. ஏரி அப்படிப் பக்கத்து வீட்டுக்காரனைச் சுட்டு இந்த வீட்டுக்காரனைக் குளிரவைத்ததில்லை.

இப்படி ஒரு யந்திரம், அதுவும் இனாமாக, நூற்றாண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தால் அரசாங்கம் என்ன செய்யும்? கழற்றிப் பழைய இரும்புக்குப் போடும். அதைத்தான் செய்தது.

முதல் திருகாணியைக் கழற்றியது வெள்ளைக்காரன் காலத்தில். 1920-களில் மாம்பலத்தின் நெடிய ஏரியை வடித்துத் தி.நகரை வரைந்தார்கள். ஏரி இருந்த இடத்துக்கு ஆறுதல் பரிசாக நடுவில் ஒரு பூங்கா. இன்று அதே தி.நகரில், ஏரி வயிற்றின் மேல் எட்டு மாடித் துணிக்கடைகள் நிற்கின்றன. ஆடித் தள்ளுபடிக்கு வருகிற ஜனங்கள் கதவு திறக்கும்போது வீசும் குளிர்காற்றில் ஒரு நிமிடம் நின்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அவர்களின் பாட்டன்மார்களுக்கு அதே இடத்தில் அதே காற்று வீசியது. புடவை வாங்க வேண்டிய கட்டாயம் அப்போது இல்லை.

வெள்ளைக்காரன் விட்ட இடத்திலிருந்து நாம் தொடங்கினோம், தமிழுணர்வோடு. நுங்கம்பாக்கம் ஏரிப் படுகையில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. குறளின் இரண்டாம் அதிகாரம் வான்சிறப்பு. கடவுளைப் பாடிய கையோடு வள்ளுவர் மழையைப் பாட உட்கார்ந்துவிட்டார். அந்தப் பத்துக் குறளையும் கல்லில் வெட்டி, தண்ணீர் நின்ற இடத்தின் மேலேயே பதித்துவிட்டோம். ஒரு புலவரை இவ்வளவு சிரத்தையாக மறுத்த சமூகம் உலகில் வேறு உண்டா, தெரியவில்லை.

அதற்கும் மேலே போனது வீட்டுவசதி வாரியம். ஏரிகளில் மனை பிரித்து வீடு கட்டும் திட்டத்துக்கு அது வைத்த பெயர் ‘ஏரித் திட்டம்’. நான் கேலிக்குச் சொல்லவில்லை. முகப்பேர் ஏரித் திட்டம் என்பது இன்றும் தபால்காரர் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற முகவரி. கோழிக் குழம்புக்குக் ‘கோழி நலத் திட்டம்’ என்று பெயர் வைத்தது போல. நாணமே இல்லாத ஒரு கோப்புக் குறிப்பு அப்படியே ஊர்ப் பெயராக நிலைத்துவிட்டது.

இவ்வளவையும் சாதித்தது புல்டோசர் என்று நினைக்காதீர்கள். ஒரு சொல் சாதித்தது: புறம்போக்கு. வரிக் கணக்குக்குப் புறம்பாகப் போன நிலம் என்பதுதான் அதன் அர்த்தம். ஏரி, குளம், மேய்ச்சல், சுடுகாடு எல்லாம் ஊருக்குப் பொது என்பதால் அவற்றுக்கு வரி போடவில்லை. வரி வராததால் மதிப்பில்லை என்றார்கள். மதிப்பில்லாததால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. கடைசியில் அது தெருச் சண்டையில் ஆளை ஏசுகிற வசவாகவே ஆகிவிட்டது. எல்லோருக்கும் சொந்தமானது என்று பொருள்படும் ஒரு சொல்லைக் கெட்ட வார்த்தையாக்கிய ஊர், எல்லோருக்கும் சொந்தமானதை வைத்து வாழுமா?

பள்ளிக்கரணைக்கு இந்தச் சொல்லின் இன்னொரு பங்காளி வாய்த்தது: தரிசு. தென்சென்னையின் மழையையெல்லாம் வாங்கிக் கடலுக்கு அனுப்பிய கழுவெளி அது. 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது. கோரைப்புல்லும் மீனும் பறவையும் நிறைந்த அந்தச் சதுப்பு, வருவாய்த்துறை ஏட்டில் ஒன்றுக்கும் உதவாத நிலம். ஆகவே ஒன்றுக்கு உதவட்டும் என்று பெருங்குடியில் மாநகரத்தின் குப்பையைக் கொண்டுபோய்ப் பல பத்தாண்டுகள் கொட்டினார்கள். மிச்சத்தில் சாலை, மென்பொருள் கட்டடம், அரசு நிறுவனம். 2022-ல் அதே சதுப்பு, 1,248 ஹெக்டேர் அளவில், ராம்சார் பட்டியலில் ஏறியது; உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று பாராட்டு விழா. முக்கால் ஆளைச் சாப்பிட்டுவிட்டு மிச்சக் காலுக்கு வெள்ளிக் கொலுசு.

இந்த இடத்தில் ஓர் அமைச்சரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார்கள். காற்று அவற்றைச் சிறிது நேரத்தில் கரை ஒதுக்கியது. நாடே சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தவறு செய்துவிட்டேன். தண்ணீர் ஆவியாகாமலிருக்க அவர் தெர்மாகோல் போட்டார். மற்றவர்கள் கான்கிரீட் போட்டார்கள். தெர்மாகோல் கரை ஒதுங்கிவிட்டது, கான்கிரீட் ஒதுங்கவே இல்லை. மாம்பலம் ஏரியிலிருந்து இன்று ஒரு சொட்டுகூட ஆவியாவதில்லை. திட்டம் முழு வெற்றி. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல், சின்னப் பிழைக்குச் சிரித்துவிட்டோம்.

“எல்லாவற்றுக்கும் ஏரியா மருந்து? கடலோர ஊரில் ஏற்கெனவே புழுக்கம், ஏரி வேறு ஈரத்தைக் கூட்டாதா?” என்று படித்தவர் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஈரம் நிறைந்த காற்றில் ஆவியாதல் மந்தப்படும். பகலில் சூடேறிய நீர் ராத்திரி சீக்கிரம் ஆறாது. சாக்கடை தேங்கிய குட்டை குளிர்ச்சி தராது, கொசுதான் தரும். நாலு பக்கமும் மதில் போல அடுக்குமாடி எழுப்பினால் ஏரிக் காற்று அந்த அடுக்குமாடியின் பால்கனியோடு நின்றுவிடும். ஏரி வேலை செய்ய வேண்டுமென்றால் அது பெரிதாக இருக்க வேண்டும், வரத்துக் கால்வாய் திறந்திருக்க வேண்டும், கலங்கல் வழிய வேண்டும், கரையில் மரம் நிற்க வேண்டும், காற்றுக்கு வழி வேண்டும். நம் முன்னோர் ஏரியை ஒற்றையாக வெட்டவில்லை. ஓர் ஏரியின் உபரி அடுத்த ஏரிக்குப் போகும்படி சங்கிலியாகக் கோத்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். இந்தக் குறைகளையெல்லாம் சொல்கிற படித்தவர், தார் ரோட்டைப் பற்றி மட்டும் கேள்வி எழுப்பமாட்டார். அது பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரியெல்லாம் கக்குகிறது. அதற்கு மேல் காரை நிறுத்தியிருக்கிறார்.

தென்கொரியாவின் சியோலில் சியோங்கேசியோன் ஓடையை மூடி அதன் மேல் மேம்பாலச் சாலை போட்டிருந்தார்கள். பாலத்தை இடித்துவிட்டு 2005-ல் ஓடையைத் திறந்தார்கள். பக்கத்துச் சாலைகளைவிட ஓடைக்கரை சில டிகிரி குளிர்ந்தது. இங்கே நாம் பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண் நட்டு ரயில் விட்டோம். அவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள் போலிருக்கிறது.

நம்மிடம் பரிகாரம் இல்லை என்று யார் சொன்னது? ஏப்ரல் வந்தால் கட்சிக்கு ஒரு நீர்மோர்ப் பந்தல். தலைவர் படம் பத்தடி, தர்ப்பூசணிக் கீற்று நாலங்குலம். ஏரி இருந்த இடத்தில் நின்று ஏரி தின்றவர் ஒரு தம்ளர் மோர் கொடுக்க, நாம் கைகூப்பி வாங்கிக் குடிக்கிறோம். பிள்ளையைக் கிள்ளியவரே தொட்டிலையும் ஆட்டுகிறார். போட்டோகிராஃபர் தயாராக நிற்கிறார். சிக்னலில் பச்சை வலைப் பந்தல் போடுகிறார்கள். உணவு கொண்டுபோகிற பிள்ளைகளுக்கு ஏசி ஓய்வறை திறக்கிறார்கள். திறந்தது நல்லதுதான், அந்தப் பிள்ளைகள் உட்காரட்டும். ஆனால் ஊரையே உலையில் வைத்துவிட்டு, நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் மட்டும் குளிர்ச்சியைக் காட்சிக்கு வைக்கும் சாமர்த்தியம் சாதாரணமானதல்ல.

தப்பிப் பிழைத்த ஏரிகளுக்கும் விமோசனம் இல்லை. அவற்றை ‘அழகுபடுத்துகிறார்கள்’. முதலில் கரையை உள்ளே தள்ளிக் கான்கிரீட் சுவர். சுவருக்கு மேல் டைல்ஸ் போட்ட நடைபாதை. நடைபாதைக்குப் பக்கத்தில் வாகன நிறுத்தம். தின்பண்டக் கடை. ‘ஐ லவ்’ என்று ஊர்ப் பெயரோடு ஆளுயர எழுத்து, அதன் முன் செல்ஃபி. கடைசியில் நடுவில் கொஞ்சம் தண்ணீர், பச்சை நிறத்தில். பத்து ஏக்கரில் இரண்டு ஏக்கர் அழகுக்குப் போய்விடும். கரையில் நின்ற நாணலும் கருவேலமும் அழகில்லை என்று வெட்டப்பட்டுவிடும். கல்யாணப் பெண்ணுக்கு ஒப்பனை செய்கிறேன் என்று காதை அறுத்துவிட்டுக் கம்மல் மாட்டுகிறார்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-லேயே தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்துக்கு நடைமுறையில் ஓர் இலக்கணமும் உண்டு. ஏரிக்கரையில் ஓலைக்குடிசை இருந்தால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. மாடி வீடு இருந்தால் வரன்முறை. அடுக்குமாடி இருந்தால் வளர்ச்சி. அரசுக் கட்டடம் இருந்தால் பொதுநலன். முதல் வகைக்கு மட்டும் ஜேசிபி வரும்.

ஜேசிபி வந்து என்ன செய்கிறது தெரியுமா? கூவம் ஓரம், அடையாறு ஓரம் இருந்த குடிசைகளை ‘நீர்நிலை ஆக்கிரமிப்பு’ என்று இடிக்கிறது. அந்த ஜனங்களை லாரியில் ஏற்றிச் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோகிறார்கள். அங்கே அவர்களுக்கு அரசு கட்டிவைத்திருக்கும் அடுக்குக் கூண்டுகள் எங்கே நிற்கின்றன? தெற்கே சதுப்பு நிலத்தில். நீர்நிலையை ஆக்கிரமித்த குற்றத்துக்குத் தண்டனை, இன்னொரு நீர்நிலையில் குடியேற்றம். முன்பு அவர்கள் தாங்களே குடிசை போட்டார்கள்; இப்போது அரசே போட்டுக் கொடுத்து, மழைக்காலத்தில் படகும் அனுப்புகிறது.

இதுவரை சிரித்தது போதும்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். அறிவித்தது சரி. யார் சாகிறார்கள் என்பதையும் சொல்லிவிடலாம். சாரத்தில் நின்று சித்தாள் வேலை பார்க்கிறவள். சாக்கடை வாருகிறவர். தகரக் கூரைக்குக் கீழே, ராத்திரி இரண்டு மணிக்கும் தூக்கம் வராமல், குழந்தைக்கு ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டிருக்கிறவள். ஏசி வாங்க முடியாதவர்கள், வாங்கினாலும் மின்கட்டணம் கட்ட முடியாதவர்கள். ஏரி இருந்த காலத்தில் குளிர்ந்த காற்று ஜமீன்தாருக்கும் அவர் வயலில் குனிந்தவனுக்கும் ஒரே விலைக்குக் கிடைத்தது: இனாம். இன்று அது டன் கணக்கில், தவணையில், வட்டியோடு விற்கப்படுகிறது. பொதுவில் இருந்த குளிர்ச்சியைத் திருடித் தனியாருக்கு விற்றிருக்கிறார்கள். திருட்டுக் கொடுத்தவனையே வாங்கவும் சொல்கிறார்கள். வாங்க வழியில்லாதவன் செத்தால் 4 லட்சம். இதற்குப் பேரிடர் என்று பெயர் வைப்பது இயற்கையின் மேல் பழிபோடுகிற தந்திரம். புயலுக்குக் கையெழுத்துக் கிடையாது. ஏரியின் நில வகையை மாற்றிய கோப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறது, தேதியோடு, முத்திரையோடு.

நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வுக்கூடம் கட்டியது. அது கட்டப்பட்டபோது நுங்கம்பாக்கத்துக்கு ஏரி இருந்தது. இன்று சென்னையின் வானிலை மையம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஆங்கிலேயர் வந்து போனார்கள், கட்சிகள் மாறின, ஏரி போய்விட்டது, வெப்பமானி மட்டும் நகரவில்லை. 2003 மே மாதக் கடைசியில் அது 45 டிகிரி செல்சியஸ் காட்டியது. அந்த வெப்பமானி எந்தக் கட்சியிலும் இல்லை. அதற்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. ஊரில் பாக்கியிருக்கும் ஒரே நேர்மையான அரசு ஊழியர் அதுதான் என்று தோன்றுகிறது.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு குளமோ ஏரியோ மிச்சமிருக்கும். குப்பை மிதந்தாலும் இருக்கும். அதன் சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கிராமக் கணக்கின் ‘அ’ பதிவேட்டில் அதன் விஸ்தீரணம் எழுதியிருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நகல் எடுத்து வீட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொரு சித்திரையிலும் போய் அந்த எண்ணைச் சரிபாருங்கள். ஒரு சென்ட் குறைந்திருந்தாலும் யார் கையெழுத்தில் குறைந்தது என்று எழுத்தில் கேளுங்கள். நீர்மோர்ப் பந்தலில் தம்ளர் நீட்டுகிறவரிடமும் அதையே கேளுங்கள், மோரை வாங்குவதற்கு முன்னால்.

டிகிரி ஏறுகிற கணக்கை நுங்கம்பாக்கம் பார்த்துக்கொள்ளும். ஏக்கர் குறைகிற கணக்கை நாம்தான் பார்க்க வேண்டும்.